மூணு பேஸையும் பார்

குரும்பலூரில் மோட்டார் வேலை பழக வந்திருக்கும் தம்பிகளுக்கு.

1. யாராவது "லோ வோல்டேஜ்" என்றால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பகல் முழுக்க 340 வோல்ட்டே வருவது ஒரு நோய். நன்றாக வந்துகொண்டிருந்த கரண்ட் கண் இமைக்கும் நேரம் சரிந்து மீள்வது வேறு நோய். வரவேண்டியதில் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிட்டால் அது வோல்டேஜ் சரிவு. வெறும் 10 மில்லி விநாடி நீடித்தாலும் சரிவுதான்.

2. எவ்வளவு மிச்சம், எவ்வளவு நேரம், எந்தெந்த பேஸ்? இந்த மூன்றும் தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். ஐஇசி 61000-4-30 தரவிதிப்படி, ஒரு பேஸ் எல்லைக்குக் கீழே இறங்கியதுமே சரிவு தொடங்கிவிடும். மூன்றும் மேலே ஏறினால்தான் முடியும்.

3. இதை நிதானமாகப் படியுங்கள். சின்ன வெங்காயத்துக்குத் தண்ணீர் பாயும் நேரம். ஒரே டிரான்ஸ்பார்மரில் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள். ஒரு மோட்டார் டப்பென்று நின்றது, அடுத்தது ஓடிக்கொண்டே இருந்தது. நின்றதில் ஸ்டார்ட்டர் காயில் கெட்டுவிட்டது என்று நினைத்து இளவயதில் இரண்டு முறை மாற்றினேன். அந்த விவசாயியின் காசு வீணாய்ப் போனது இன்னும் உறுத்துகிறது. காயிலில் குற்றமே இல்லை.

நம் டிரான்ஸ்பார்மர் மேலே டெல்டா, கீழே ஸ்டார். எச்.டி. லைனில் ஒரு கம்பி மட்டும் தரையோடு தொட்டால், கணக்குப்படி இந்தப் பக்கம் நியூட்ரலுக்கு இரண்டு பேஸ் 58 சதவீதமாகும், மூன்றாவது அப்படியே நிற்கும். அதே நொடியில் பேஸுக்குப் பேஸ் அளந்தால், ஒரு ஜோடி 33 சதவீதம், மற்ற இரண்டும் 88. காயில் எந்த ஜோடியில் கட்டியிருக்கிறதோ அதைப் பொறுத்தே மோட்டாரின் விதி. 33-இல் காயில் விட்டுவிடும், 88-இல் பிடித்துக்கொள்ளும். ஒரே சரிவு, அளக்கும் இடத்தைப் பொறுத்து முகம் மாறுகிறது. போலன் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட முகங்களை ஏ முதல் ஜி வரை ஏழு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்.

4. மூன்று பேஸும் ஒன்றாக இறங்கி, சில விநாடியில் மெல்ல மெல்ல ஏறினால், பக்கத்தில் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகிறது. நேராக ஸ்டார்ட் செய்தால் ஓடும் கரண்ட்டைப்போல் ஆறேழு மடங்கு இழுக்கும். த்ரீ பேஸ் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் எல்லாம் சேர்ந்து கிளம்பினால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் டைமரில் சில விநாடி தள்ளி வையுங்கள்.

5. மல்டிமீட்டர் இதைப் பிடிக்காது. எண் மாறுவதற்குள் சரிவு முடிந்திருக்கும். ஒவ்வொரு அரைச் சுழற்சிக்கும் பதியும் கருவி வேண்டும், மூன்று பேஸும் ஒரே நேரத்தில்.

6. காயில் விடுகிறதென்று ஸ்டார்ட்டரில் குச்சி செருகுபவர்களைப் பார்ப்பீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள். வோல்டேஜ் 70 சதவீதமானால் மோட்டாரின் முறுக்குவிசை பாதிதான். திணறி கரண்ட்டை இழுத்து வைண்டிங் கருகும்.

7. சரிவு வந்த மணி, நிமிடத்தைப் பாக்கெட் நோட்டில் எழுதுங்கள். மழையா, காற்றா என்பதையும் எழுதுங்கள். சப் ஸ்டேஷனில் பீடர் ட்ரிப் ஆன நேரத்தை லைன்மேன் அண்ணனிடம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நீங்கள் மோட்டாரைப் பிரிக்கவே வேண்டியதில்லை.