வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்

இளம்பிள்ளையில் சேலைக் கடைக்கோ தறிப்பட்டறைக்கோ கணக்கு எழுதப் போனால், பில் போடுவதும் ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் முதல் மாதத்திலேயே கைவந்துவிடும். ரீஃபண்ட் தாமதமானால் அரசு நமக்கு வட்டி தரவேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். பல முதலாளிகளுக்கே அது தெரியாது.

2025 செப்டம்பர் 22-க்கு முன்பு பாலியஸ்டர் நூலுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம், சேலைக்கு 5. இந்த வித்தியாசத்தில் தேங்கிய வரியை ஆர்எஃப்டி-01 என்ற ரீஃபண்ட் விண்ணப்பம் போட்டுக் கேட்கலாம். இரண்டு ஆண்டுதான் கெடு. முழுமையான விண்ணப்பம் சேர்ந்து 60 நாளுக்குள் பணம் வராவிட்டால், ஜிஎஸ்டி சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி அதற்குப் பிறகான நாட்களுக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. 5 லட்சம் 73 நாள் தாமதமானால் 6,000 ரூபாய்.

நாளை எண்ணுவது விண்ணப்பத்திலிருந்து, ஆணையிலிருந்து அல்ல. பழைய கலால் சட்டத்துக்கு ரான்பாக்ஸி வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். ஆனால் குறை சொல்லி ஆர்எஃப்டி-03 வந்தால் புது விண்ணப்பம் போடவேண்டும், எண்ணிக்கையும் புதிதாகத் தொடங்கும். எனவே இன்வாய்ஸ் பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து அனுப்புங்கள். விண்ணப்பம் பற்றி விளக்கம் கேட்டு வரும் நோட்டீசுக்கு 15 நாள் தாண்டிப் பதில் தந்தால், தாண்டிய நாட்களுக்கு வட்டி கிடையாது.

அதிகம் கோட்டை விடுவது அப்பீல் டெபாசிட்டில். வரி ஆணையை எதிர்த்து அப்பீல் போகும்போது, தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்கூட்டியே கட்டுகிறோம். ஜெயித்தால் அது திரும்பி வரும். 115-ஆம் பிரிவின்படி கட்டிய நாளிலிருந்தே வட்டி ஓடும், 60 நாள் காத்திருப்பெல்லாம் இங்கே இல்லை. தகராறு 8 லட்சமென்றால் டெபாசிட் 80,000; இரண்டு ஆண்டு இழுத்திருந்தால் வட்டி 9,600. அசல் வந்த சந்தோஷத்தில் ஃபைலை மூடிவிடுகிறார்கள்!

ஏஆர்என் எனும் விண்ணப்ப எண், விண்ணப்பித்த தேதி, 60-ஆம் நாள், பணம் வங்கியில் ஏறிய தேதி, டெபாசிட் கட்டிய சலான் ஆகியவற்றை ஒரே தாளில் குறித்து வையுங்கள். ஆணை வந்ததும் வட்டிக் கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால், நாள் கணக்கைப் போட்டுக் காட்டி அதிகாரிக்கு எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வட்டி வந்ததும் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு வருமான வரி உண்டு.