கணக்கு அவர்கள் கையில் இருக்கட்டும்

நியூ ஜெர்சியில் ஜூன் பிற்பாதியில் பள்ளிகளை மூடினால் திறப்பது செப்டம்பரில்தான். அந்த இடைவெளியில் ஊர் ஊராகப் பொது நூலகங்களில் கோடை வாசிப்புத் திட்டம் நடக்கும். குழந்தைகளுக்கு ஒன்று, பதின்பருவத்தினருக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. எங்கள் நூலகத்தில் நடுப் பிரிவு என் பொறுப்பு. மூன்றிலும் கடினமானது அதுதான். ஏழு வயதுக் குழந்தை தான் படித்து முடித்ததை மேசைக்கு ஓடிவந்து காட்டும். பதினைந்து வயதுப் பிள்ளை என்ன படிக்கிறதென்று வீட்டுக்கே தெரியாது. அந்த வாசிப்பை எப்படிக் கணக்கு வைப்பது? இத்தனை கோடைகளில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: கணக்கு பிள்ளைகள் கையில் இருக்கவேண்டும். நூலகம் எட்ட நின்று கூட்டிப்பார்த்தால் போதும்.

முதலில் எதை எண்ணுவது என்று தீர்மானிக்கவேண்டும். புத்தகங்களை எண்ணுவது நமக்குச் சுலபம், படிப்பவருக்கு அநியாயம். பிராண்டன் சாண்டர்சனின் ‘த வே ஆஃப் கிங்ஸ்’ ஆயிரம் பக்கம் போகும். ஜேசன் ரெனால்ட்ஸ் 2017இல் எழுதிய ‘லாங் வே டவுன்’ கவிதை வரிகளில் அமைந்த நாவல். ஒரே மாலையில் முடித்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் என்றால் சாண்டர்சனைப் பிடித்தவள் ஜூலை முழுக்க முதல் கட்டத்திலேயே நிற்பாள். அடுத்த கோடைக்கு ஒல்லிப் புத்தகமாகத் தேடுவாள். பக்கங்களை எண்ணலாமா என்றால் மங்கா குறுக்கே வரும். ‘ஒன் பீஸ்’ தொடர் நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்டது. ஒரு வாரத்தில் அதில் பத்து முடிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். ஒலிநூல் கேட்பவருக்கோ பக்கமே கிடையாது. நேரத்தை எண்ணினால் இந்தத் தகராறு எதுவும் இல்லை. மெதுவாகப் படிப்பவர், டிஸ்லெக்சியா உள்ளவர், போன வருடம்தான் நாடு விட்டு வந்து ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுபவர் என்று எல்லோருக்கும் அரை மணி நேரம் அரை மணி நேரம்தான்.

எதெல்லாம் வாசிப்பு என்பதில் தாராளமாக இருங்கள். பள்ளியில் கட்டாயமாகக் கொடுத்த நாவல், சமையல் குறிப்பு, இணையத்தில் ரசிகர்கள் எழுதும் கதை, எல்லாம் வரும். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாளில் ‘பாட்டி, தமிழ், 25’ என்று இருந்தது. கோடைக்காக ஊரிலிருந்து அவன் பாட்டி வந்திருந்தார். “ஆன்ட்டி, பாட்டி சத்தமா வாசிக்கிறாங்க, நான் கூடவே விரல் வச்சுப் பார்த்துட்டு வர்றேன். இது கணக்குல வருமா?” என்று தயங்கிக் கேட்டான். “வரும்டா. பாட்டி வாசிக்கிறதும் வரும். பெரியவங்க பிரிவுல அவங்க பேரையும் சேர்த்துடு” என்றேன். மறுவாரம் பாட்டியே வந்துவிட்டார். எங்கள் சின்னத் தமிழ் அலமாரிக்கு அந்த மாதத்தில் கிடைத்த மரியாதை அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. உறுப்பினர் அட்டை இல்லாத விருந்தாளிகளையும் சேர்த்துக்கொள்கிறோம். கோடையில் வீட்டுக்கு வரும் தாத்தா பாட்டிகளை மனதில் வைத்தாவது மற்ற நூலகங்களும் இதைச் செய்யவேண்டும்.

செயலியா, காகிதமா? பல நூலகங்கள் பீன்ஸ்டாக் என்ற செயலியைப் பயன்படுத்துகின்றன. படிக்கத் தொடங்கும்போது கடிகாரத்தைத் தட்டிவிட்டால் அதுவே நிமிடங்களைச் சேர்த்துக்கொள்ளும், இடையிடையே பதக்கப் படங்களும் கொடுக்கும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது சரிப்படுகிறது. ஆனாலும் காகிதத்தை விடாதீர்கள். 13 வயது ஆகாதவர்களின் விவரத்தை இணையச் சேவைகள் வாங்குவதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று கூட்டரசுச் சட்டமே இருக்கிறது. அந்த வயதுக்குத் தாள்தான் சிக்கலில்லாதது. எங்கள் தாளில் இருபது வட்டங்கள், வட்டத்துக்கு அரை மணி. படித்ததும் வண்ணம் தீட்டவேண்டும், அவ்வளவுதான். தலைப்பு, ஆசிரியர், தேதி, பெற்றோர் கையெழுத்து எதுவும் கேட்பதில்லை. கேட்டால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

“பொய் எழுதினால்?” என்று கேட்பவர்கள் உண்டு. சிலர் எழுதுவார்கள்தான். அதற்காக எல்லோரையும் குறுக்கு விசாரணை செய்வது எனக்குச் சம்மதமில்லை. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு குலுக்கல் சீட்டு, ஒருவருக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு வைத்துவிட்டால் பொய்யால் பெரிய லாபம் இல்லை. பரிசைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இலவசப் புத்தகத்தைக் கடைசிப் பரிசாக வைக்காமல் பெயர் கொடுக்கிற அன்றே கொடுங்கள். அதைப் படிக்கத்தானே திட்டம்!

கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு துண்டுச் சீட்டு. அஞ்சலட்டையில் பாதி அளவு. விருப்பப்பட்டால் எழுதலாம், பெயர் வேண்டியதில்லை. புத்தகத்தின் தலைப்பு, எந்த இடத்தில் கீழே வைக்க மனசு வரவில்லை, யாருக்குக் கொடுக்கலாம் என்று மூன்று கேள்விகள். ஓரத்தில் ‘பாதியில் விட்டுவிட்டேன்’ என்று ஒரு கட்டமும் உண்டு. அதைத் தயங்காமல் டிக் செய்யலாம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் மனம் திறக்கிறார்கள். ‘அண்ணன் கூடப் பேசாதவங்களுக்குக் கொடுங்க’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அந்தச் சீட்டை அப்படியே அலமாரியில் அந்தப் புத்தகத்தின் முன்னால் ஒட்டினேன். வாரத்துக்குள் புத்தகம் இரவல் போய்விட்டது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. இங்கே நூலகவியல் படிக்கும்போது அதை எனக்கும் பாடமாக நடத்தினார்கள். அந்த வாசகரைக் கண்டுபிடிப்பதில் நூலகரைவிட இன்னொரு பதினைந்து வயதுப் பிள்ளை கெட்டிக்காரர்.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர் ஒருவர் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, “அக்கா, நீங்க தமிழ்தானே? எம் பொண்ணு இந்த லீவுல என்னென்ன படிச்சான்னு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்களேன்” என்றார். அக்கறையில் கேட்கிறார், புரிகிறது. ஆனால் நியூ ஜெர்சிச் சட்டப்படி நூலகப் பதிவுகள் ரகசியமானவை. அமெரிக்க நூலகச் சங்கமும் 2019இல் தன் உரிமைச் சாசனத்தில் தனியுரிமைக்கென்று ஏழாவது பிரிவைச் சேர்த்தது. வயது எதுவானாலும் இந்த உரிமை உண்டு என்கிறது. சட்டத்தை முகத்தில் நீட்டாமல், “அவகிட்டயே கேளுங்க. ‘எத்தனை படிச்சே’ன்னு கேக்காதீங்க, ‘எது பிடிச்சுது’ன்னு கேளுங்க” என்றேன். அவர் முகம் வாடித்தான் போயிற்று. எனக்கும் வருத்தம்தான், ஆனாலும் கொடுக்கமாட்டேன். தன் மனதையோ உடம்பையோ பற்றிச் சந்தேகம் வந்து ஒரு பிள்ளை அலமாரிப் பக்கம் வரும்போது, அந்தத் தடம் வீட்டுக்குப் போகாது என்கிற நம்பிக்கை அதற்கு வேண்டும். அதனால் தலைப்புப் பட்டியலை நாங்கள் திரட்டுவதே இல்லை. இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது.

நூலகம் வைத்துக்கொள்ளவேண்டியவை சில எண்கள்தான்: எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள், மொத்தம் எத்தனை மணி நேரம், எந்த வகுப்பினர் எந்த வாரத்தில் காணாமல் போனார்கள். மூன்றாவதுதான் உபயோகமானது. ஜூலை நடுவில் ஒரு சரிவு வரும். முதல் குலுக்கல் சீட்டுக்கான இலக்கைச் சின்னதாக வைப்பது, ஆகஸ்ட்டில் வந்தாலும் சேர்த்துக்கொள்வது, இரண்டும் அந்தச் சரிவைக் குறைக்கும்.

விடுமுறையில் படிப்பு மறந்துபோகும் என்ற வாதத்துக்கு 1996இல் ஹாரிஸ் கூப்பரும் மற்றவர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வைக் காட்டுவார்கள். வாசிப்பில் அந்தச் சரிவு வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் தெரிந்தது. பின்னால் வந்த சில ஆய்வுகள் அந்தச் சரிவின் அளவைக் கேள்விக்குள்ளாக்கின. நிதி கேட்கும்போது இந்த விவாதத்துக்கு இடம் உண்டு. பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்; பயத்தில் எடுக்கிற புத்தகம் பத்தாவது பக்கத்தில் மூடிவிடும்.

செப்டம்பரில் இரண்டு வேலை. பெயர்ப் பட்டியலை அழித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்வது ஒன்று. அந்த எண்ணிக்கையைப் பதின்பருவ ஆலோசனைக் குழுவின் முன் வைப்பது இன்னொன்று. எங்கள் நூலகத்தில் அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகளே. அடுத்த கோடைக்கு வட்டம் எத்தனை, பரிசு என்ன, செயலி வேண்டுமா என்று அவர்கள் வாக்கெடுத்துச் சொல்வதைத்தான் நான் தாளில் அச்சடிக்கிறேன்.