கண்புரை ஆபரேஷன் முடிந்து வீடு வந்ததும்…

கண்புரை அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்றைக்கே வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். ஆனால் உள்ளே ஆறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்தக் கண்ணைக் காப்பது வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. அம்மா, அப்பாவைப் பக்கத்தில் இருந்து கவனிப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சொட்டு மருந்தைத் தொடுங்கள். அண்ணாந்து படுக்க வைத்து, கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்து, அங்கே ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அதற்கு மேல் விட்டால் கன்னத்தில்தான் வழியும். பாட்டிலின் முனை இமையிலோ விரலிலோ படக் கூடாது.

2. இரண்டு மருந்து கொடுத்திருந்தால், நடுவில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது சொட்டு முதல் மருந்தை வெளியே தள்ளிவிடும். பால்போல் வெள்ளையாக இருக்கும் மருந்தைக் குலுக்கிவிட்டுப் போடுங்கள். மருந்து விட்டதும் இமையை இறுக்காமல் ஒரு நிமிடம் கண்ணை மூடியிருக்கட்டும்.

3. சில சொட்டு மருந்துகளை டாக்டர் வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வருவார். எந்த வாரம் எத்தனை வேளை என்பதை மாதக் காலண்டரில் எழுதி, விட்டவுடன் டிக் அடியுங்கள். பார்வை தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். ஒரு மாதம் ஆனால் அந்தப் பாட்டிலில் மீதி இருக்கும் மருந்து வேண்டாம்.

4. பீளை இருந்தால் கொதிக்க வைத்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பிழிந்து, இமையை மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு முறை துடைத்த பஞ்சைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. புடவைத் தலைப்பும் தோள் துண்டும் கண் பக்கமே போகக் கூடாது.

5. கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். டாக்டர் சொல்லும்வரை தலைக்கு ஊற்ற வேண்டாம். எண்ணெய்க் குளியல், சீயக்காய் இரண்டையும் தள்ளிப் போடுங்கள்.

6. தூக்கத்தில் கை தானாகக் கண்ணைத் தேய்க்கும். அதனால் மருத்துவமனையில் தந்த பிளாஸ்டிக் மூடியை டாக்டர் சொன்ன நாள்வரை இரவில் ஒட்டிவிடுங்கள். ஆபரேஷன் செய்த பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டாம். பேரக் குழந்தைகளைத் தூக்கி முகத்தோடு கொஞ்சுவதும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

7. தண்ணீர்க் குடம் தூக்குவது, குனிந்து கோலம் போடுவது, துணி துவைப்பது எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மலச்சிக்கலில் முக்குவதும் கண்ணுக்கு அழுத்தம் தரும். கீரை, வாழைப்பழம், போதிய தண்ணீர் கொடுங்கள்.

8. மிளகாய் வறுக்கும் நெடி, தாளிக்கும்போது தெறிக்கும் கடுகு, விறகடுப்புப் புகை, மாவு சலிக்கும் தூசி எதுவும் ஆகாது. வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

9. பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று பத்தியம் போடாதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். வழக்கமான சாப்பாட்டையே கொடுக்கலாம். சர்க்கரை, பிபி மாத்திரைகளை டாக்டர் சொன்னபடி தவறாமல் கொடுங்கள்.

10. டி.வி. பார்ப்பதாலும் பேப்பர் படிப்பதாலும் கண் கெடாது. களைப்பாக இருந்தால் மூடி ஓய்வெடுத்தால் போதும். புதுக் கண்ணாடிக்கு அவசரம் வேண்டாம். பார்வை அளவு நிலைத்த பிறகு, வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரத்தில், டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

11. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு என்று யார் என்ன சொன்னாலும் கண்ணில் விடாதீர்கள். மையும் வேண்டாம்.

12. லேசான உறுத்தலும் கண்ணீரும் முதல் சில நாட்கள் இருக்கும். ஆனால் வலி கூடினாலும், சிவப்பு அதிகமானாலும், சீழ் வந்தாலும், தெரிந்த பார்வை மங்கினாலும், மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீர்கள். கண்ணுக்குள் கிருமி புகுந்தால் பார்வையே பறிபோகலாம். பெரியவர்கள் “காலையில் பார்த்துக்கலாம்” என்றாலும் கேட்காதீர்கள். உடனே அழைத்துப் போங்கள்.