கை ஓடாத நேரத்தில் என்ன செய்யலாம்?



வெசாக் கூடு கட்டுவது, காகிதப் பூ செய்வது, வாழ்த்து மடல் செய்வது, படம் வெட்டி ஒட்டுக்கொப்பி தயாரிப்பது, இவையெல்லாம் நம் லயங்களில் பலருக்குக் கைவந்த வேலைகள். ஆனாலும் சில மாதங்களில் "ஒண்ணுமே தோணமாட்டேங்குது, கை ஓடமாட்டேங்குது" என்று சொல்கிறோம். பாதியில் நின்ற கொப்பி பெட்டிக்கு அடியில் கிடக்கிறது.

இது சோம்பேறித்தனம் அல்ல. காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்து வந்தால் உடம்பு களைத்துப் போகும். ஒரே மாதிரிப் பூவையே திரும்பத் திரும்பச் செய்தால் மனமும் சலித்துப்போகும். அடுத்த வீட்டுப் பிள்ளை செய்ததைப் பார்த்து "நம்மால் முடியாது" என்று நினைத்தால் கை அப்படியே நின்றுவிடும்.

இங்கிலாந்தில் மேரி டெலானி என்ற அம்மையார் 1768ல் கணவரை இழந்தார். 1772ல், 72 வயதில், வண்ணக் காகிதத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டி, கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். கண் பார்வை மங்கும்வரை சுமார் பத்து வருடத்தில் ஏறக்குறைய 1000 பூக்கள்! அவை இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

நெதர்லாந்தில் டினி வான் டெர் பிளாஸ் என்ற பெண்மணி 1992ல் தேயிலைப் பையின் வண்ண உறையை மடித்து, நட்சத்திரம்போல அடுக்கி ஒரு வாழ்த்து மடல் செய்தார். அந்த மடிப்புக் கலை பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. தேயிலை நம் கையில் விளைவது. அதன் உறையை நாம் மட்டும் ஏன் வீசவேண்டும்?

இனி செய்முறைக்கு வருவோம்.

1. பெரிய வேலையை எடுக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிஷம் போதும்.

2. இரண்டு நிறம், ஒரு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள் குறைந்தால் யோசனை கூடும்.

3. சுற்றிப் பாருங்கள். இரண்டு இலையும் மொட்டும், மிளகுக் கொடி, மாத்தளை முத்துமாரியம்மன் தேரின் நிறங்கள், எல்லாமே மாதிரிதான்.

4. பிறர் செய்ததைப் பார்த்துச் செய்வதில் தப்பில்லை. ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

5. பழைய கலண்டர், பிஸ்கட் உறை, தேயிலைப் பக்கெட் இவற்றை ஒரு பெட்டியில் சேருங்கள். வெறுங்கையோடு உட்கார்ந்தால் மனமும் வெறுமையாகும்.

அப்படியும் ஒன்றும் தோணாவிட்டால், குடும்பக் கொப்பியைக் கையில் எடுங்கள். இதற்குக் கற்பனையே வேண்டாம். ஒரு பழைய படத்தை எடுத்துக்கொண்டு அப்பாயி, அம்மாயியிடம் போய், "இது யாரு? எந்தத் தோட்டம்? எந்த வருஷம்?" என்று கேட்டு, படத்துக்குக் கீழே எழுதுங்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் உறவினர் எத்தனையோ பேர் இந்தியாவுக்குப் போனார்கள். அவர்கள் பெயர், முகம், ஊர் எல்லாம் நம் வயதானவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் கண்ணை மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

கவனிக்கவேண்டியவை: பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை இவற்றை ஒருபோதும் ஒட்டாதீர்கள். போட்டோ பிரதியை ஒட்டுங்கள். கோதுமை மாப் பசைக்குக் கரப்பான் பூச்சி வரும். அதனால் படத்தின் முதுகில் பசை பூசாமல், நான்கு மூலையிலும் காகித உறை செய்து செருகுங்கள். ஈரச் சுவர், அடுப்புப் புகை இரண்டுக்கும் தூரமாக, மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள்.

பயிற்சி: இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு படம், அதற்குக் கீழே மூன்று வரி. பிள்ளைகள் எழுதட்டும், பெரியவர்கள் சொல்லட்டும். அடுத்த ஞாயிறு இன்னொன்று. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.