சும்மா வரும் புதுப்படம்: லிங்க்கைத் தொடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெள்ளிக்கிழமை காலை படம் ரிலீஸ். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பிலோ டெலிகிராமிலோ அதன் லிங்க் வந்துவிடுகிறது. "சும்மாதானே வருது, பார்த்தா என்ன?" என்று கேட்பவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். திருட்டுப் பிரதி எப்படி வெளியே போகிறது, சினிமாத் துறை அதோடு எப்படிப் போட்டி போடுகிறது, சட்டம் என்ன சொல்கிறது, உங்கள் செல்போனுக்கு என்ன ஆபத்து என்பதை இந்தப் பாடத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

திருட்டுப் பிரதி எங்கிருந்து வருகிறது?

முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, தியேட்டரில் உட்கார்ந்து திரையைச் செல்போனிலோ கேமராவிலோ பதிவு செய்வது. இன்னொன்று, படம் ஓடிடியில் வந்ததும் அதை அப்படியே நகல் எடுப்பது. முதல் வகை மங்கலாக, பின்னால் இருப்பவர் இருமுவதும் கேட்கிற மாதிரி இருக்கும். இரண்டாவது வகை தெளிவாக இருக்கும்.

இப்போது தியேட்டருக்குப் பிலிம் பெட்டி வருவதில்லை. படம் பூட்டுப் போட்ட டிஜிட்டல் கோப்பாக வருகிறது. அதைத் திறக்கத் தனியாக ஒரு டிஜிட்டல் சாவி அனுப்புவார்கள். அந்தச் சாவி, குறிப்பிட்ட தியேட்டரின் குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே வேலை செய்யும். திரையில் ஓடும் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறியும் இருக்கும். திருட்டுப் பிரதி கையில் கிடைத்தால், எந்தத் தியேட்டரில் எந்த நேரத்தில் ஓடியபோது பதிவு செய்தார்கள் என்று அந்தக் குறியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டர் ஒன்றில் 'ராயன்' படத்தைச் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்த ஒருவரைக் கேரள போலீசார் கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

தடை மட்டும் போதுமா?

2018 நவம்பரில் '2.0' படம் வெளியாகும் முன்பே, தயாரிப்பு நிறுவனம் கேட்டதன் பேரில் 12,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியும் படம் வந்த அன்றே திருட்டுப் பிரதி இணையத்தில் வந்துவிட்டது. ஒரு தளத்தை மூடினால், பெயரில் ஓர் எழுத்தை மாற்றி மறுநாளே இன்னொன்றைத் திறந்துவிடுகிறார்கள்.

இதைச் சமாளிக்க, 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு புது வழி காட்டியது. முடக்கிய தளம் வேறு பெயரில் முளைத்தால், அதற்காகப் புதிதாக வழக்குப் போட வேண்டாம். பழைய உத்தரவிலேயே அந்தப் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். இதனால் வேகம் கூடியது. ஆனால் திருட்டு நிற்கவில்லை. பார்க்க ஆள் இருக்கும்வரை தளமும் இருக்கும்.

விலையோடும் வேகத்தோடும் போட்டி

திருட்டுப் பிரதிக்கு மூன்று பலம்: சீக்கிரம் வருகிறது, வீட்டிலேயே கிடைக்கிறது, காசு இல்லை. இந்த மூன்றில் ஒன்றிலாவது சினிமாத் துறை இறங்கி வந்தபோது நல்ல பலன் கிடைத்திருக்கிறது.

திருட்டு விசிடி தெருவெல்லாம் விற்ற காலத்தில், ஒரிஜினல் டிவிடி வாங்க நூற்றுக்கணக்கில் செலவாகும். 2007-ல் மோசர் பேயர் நிறுவனம் தமிழ் உட்படப் பல மொழிப் படங்களின் ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. கிட்டத்தட்ட திருட்டு டிஸ்க்கின் விலையிலேயே நல்ல பிரதி கிடைத்தது. மளிகைக் கடையில்கூட ஒரிஜினல் டிஸ்க் தொங்கியது. பின்னால் இன்டர்நெட் வேகம் கூடியதும் டிஸ்க் காலமே முடிந்துபோனது.

2013-ல் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச் மூலம் நேராக வீட்டுக்குக் கொண்டுவர கமல்ஹாசன் திட்டமிட்டார். தியேட்டர் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 2015-ல் இயக்குநர் சேரன் 'சினிமா டு ஹோம்' என்ற பெயரில் புதுப்பட டிவிடியைக் குறைந்த விலைக்கு வீடுகளுக்கு அனுப்ப முயன்றார். இரண்டும் நினைத்தபடி வளரவில்லை. ஆனால் மக்கள் புதுப்படத்தை வீட்டில் பார்க்க விரும்புகிறார்கள் என்பதை இவர்கள் முன்கூட்டியே கவனித்திருந்தார்கள். கொரோனா ஊரடங்கில் தியேட்டர்கள் மூடியபோது அதுதான் நடந்தது. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்', நவம்பரில் 'சூரரைப் போற்று' ஆகியவை நேரடியாக ஓடிடியில் வந்தன.

இன்று பல தமிழ்ப் படங்கள் சுமார் 4 வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இதை 8 வாரமாக்க வேண்டும் என்பது தியேட்டர் உரிமையாளர்கள் கோரிக்கை. இடைவெளி நீண்டால் தியேட்டர் வசூல் கூடலாம். ஆனால் தியேட்டருக்குப் போக முடியாதவர்கள் அதற்குள் திருட்டுப் பிரதியைத் தேடலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் இந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

டிக்கெட் விலையும் ஒரு காரணம். 2022 செப்டம்பர் 23 அன்று தேசிய சினிமா நாளுக்காக நாட்டின் பல மல்டிபிளெக்ஸ்களில் டிக்கெட் 75 ரூபாய்க்கு விற்றது. அன்று பல இடங்களில் காலைக் காட்சியே நிரம்பியது. விலை கைக்கு எட்டினால் மக்கள் காசு கொடுத்துப் பார்க்கத் தயார் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

• 2023-ல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி, தியேட்டரில் படத்தைப் பதிவு செய்வதும் அந்தப் பிரதியைப் பரப்புவதும் குற்றம். குறைந்தது 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய். படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அது போகலாம்.
• 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம்.
• தமிழ்நாட்டில் 2004 முதல் வீடியோ திருட்டில் ஈடுபடுவோர் மீது குண்டர் சட்டமும் பாயலாம்.

"நான் பதிவு செய்யலையே, குரூப்பில் ஃபார்வர்ட்தானே பண்ணேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஃபார்வர்ட் செய்வதும் பரப்புவதுதான்.

உங்கள் செல்போனுக்கு என்ன ஆபத்து?

திருட்டுத் தளம் நடத்துகிறவர் உங்களிடம் டிக்கெட் காசு வாங்குவதில்லை. விளம்பரத்திலும், சூதாட்ட ஆப்களுக்கு ஆள் பிடிப்பதிலும் சம்பாதிக்கிறார். மோசடிக்காரர்களுக்கும் இந்த இடம் வசதியாகிவிடுகிறது. கீழே உள்ளவற்றைக் கண்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

• படம் பார்க்க 'ஏபிகே' கோப்பை இறக்கச் சொல்வது. அது படம் இல்லை, ஆப். ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் ஆப்பை ஏற்றவே வேண்டாம்.
• ஒரு பிளேயர் ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்பது. அனுமதி கொடுத்தால் வங்கி ஓடிபி-யும் அதன் கண்ணில் படும்.
• "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட 'அனுமதி' பட்டனை அழுத்தவும்" என்று வருவது. அழுத்தினால் நாள் முழுக்க ஆபாச, சூதாட்ட அறிவிப்புகள் வரும். குழந்தைகள் கையில் இருக்கும் போனில் இது இன்னும் மோசம்.

தெரியாமல் இப்படி ஓர் ஆப்பை ஏற்றிவிட்டால் முதலில் இன்டர்நெட்டை அணையுங்கள். அந்த ஆப்பை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லையும் யுபிஐ பின்னையும் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

நியாயமாக, குறைந்த செலவில் பார்க்க

• உங்கள் மொபைல் ரீசார்ஜ் திட்டத்திலேயே ஏதாவது ஓடிடி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.
• தயாரிப்பு நிறுவனங்களின் அதிகாரப்பூர்வ யூடியூப் சேனல்களில் பல பழைய படங்கள் முழுதாக, இலவசமாக இருக்கின்றன.
• பிரசார் பாரதியின் 'வேவ்ஸ்' ஓடிடியிலும் இலவச நிகழ்ச்சிகள் உண்டு.

திருட்டு லிங்க்கைப் பார்த்தால் யாரிடம் சொல்வது?

2023 நவம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதற்காக 12 அதிகாரிகளை நியமித்தது. பட உரிமையாளர் மட்டுமல்ல, மற்றவர்களும் இவர்களிடம் புகார் தரலாம். உரிமையாளர் அல்லாதவர் புகார் செய்தால், அது உண்மையா என்று விசாரித்து முடிவெடுப்பார்கள். உத்தரவு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அந்த லிங்க்கை நீக்க வேண்டும். திருட்டால் சினிமாத் துறைக்கு ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் வரை இழப்பு என்ற மதிப்பீட்டையும் அப்போது அமைச்சகம் குறிப்பிட்டது. பெரிய நடிகர் படம் முதல் மூன்று நாள் வசூலில் ஓரளவு தப்பித்துவிடும். பேர் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்த சின்னப் படம், பார்த்தவர்கள் நல்லா இருக்குன்னு சொல்லி இரண்டாம் வாரத்தில்தான் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் எல்லார் போனிலும் திருட்டுப் பிரதி வந்துவிட்டால் அந்த இரண்டாம் வாரமே அதற்குக் கிடைக்காது.

அடுத்த முறை குரூப்பில் லிங்க் வந்தால் தொடாதீர்கள், ஃபார்வர்ட் செய்யாதீர்கள். குரூப் அட்மின் நீங்கள் என்றால் அதை அழித்துவிட்டு, ஏன் அழித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஏபிகே கோப்பு எப்படி இருக்கும் என்று இன்றைக்கே காட்டிக் கொடுங்கள்.