யாருக்கு எழுதுவது?

நுழையும்முன்

ஒரு நூல் எந்த ஊரில் அச்சாகிறது, எந்த மொழியில் வெளிவருகிறது, எவர் கைக்குச் சென்று சேர்கிறது என்னும் வினாக்கள் பதிப்பாளருக்கு மட்டும் உரியவை என்று தோன்றலாம். அவை சிந்தனையின் போக்கையே மாற்ற வல்லவை என்று காட்டியவர் பெனின் நாட்டு மெய்யியல் அறிஞர் போலன் ஹூன்டோன்ஜி. ஆப்பிரிக்காவின் மெய்யியலும் இறையியலும் தமக்குரிய அச்சுக்கூடத்தையும் தமக்குரிய வாசகரையும் தேடிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

துறவி எழுதிய நூல்

1945ஆம் ஆண்டு, பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவின் எலிசபெத்வில் நகரில் சிறியதொரு நூல் வெளியாயிற்று. அந்நகரின் இன்றைய பெயர் லுபும்பாஷி. நூலின் பெயர் 'பாந்து மெய்யியல்'. அதனை எழுதியவர் பிளாசிட் டெம்பல்ஸ் என்னும் பெல்ஜியத் துறவி. 1933 முதல் காங்கோவில் சமயப்பணி ஆற்றிய அவர், டச்சு மொழியில் எழுதியது பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டு வெளிவந்தது.

பாந்து மொழிகளைப் பேசும் மக்களிடம் ஒழுங்கமைந்த மெய்யியல் ஒன்று உண்டு என்பது டெம்பல்ஸின் முடிவு. உயிராற்றல் என்னும் கருத்தே அதன் மையம். ஒரு பொருள் உளது என்பதும் அது ஆற்றலுடையது என்பதும் அம்மக்களுக்கு ஒன்றே என்று அவர் விளக்கினார். ஆப்பிரிக்கர்க்குச் சிந்தனை மரபே இல்லை என்று ஐரோப்பிய அறிஞர் பலர் தயக்கமின்றி எழுதிவந்த காலம் அது. எனவே இந்நூலை ஆப்பிரிக்க இளைஞர் பலர் உவகையோடு வரவேற்றனர். செனகல் நாட்டைச் சேர்ந்த அலியூன் தியோப் 1947இல் பாரிசில் 'பிரெசான்ஸ் ஆஃப்ரிக்கேன்' என்னும் இதழைத் தொடங்கியிருந்தார். அதே பெயரில் அமைந்த பதிப்பகம் வெளியிட்ட முதல் நூல்களுள் ஒன்றாக 1949இல் 'பாந்து மெய்யியல்' மீண்டும் வந்தது.

ஆயினும், அந்நூல் யாரை நோக்கிப் பேசுகிறது? குடியேற்ற அலுவலரையும் சமயப் பணியாளரையும் நோக்கியே பேசுகிறது. ஆளப்படும் மக்களின் உள்ளத்தை அறிந்துகொண்டால் அவர்களை நல்வழிப்படுத்துவது எளிதாகும் என்பது அதன் உட்கிடை. பாந்து மக்கள் தம் மெய்யியலைத் தாமே எடுத்துச் சொல்ல இயலாதவர்கள். ஐரோப்பியரே அதனை ஒழுங்குபடுத்தி அவர்களுக்குக் கூற வேண்டும் என்னும் எண்ணமும் அதில் உண்டு. நூல் முழுவதும் பேசுபொருளாக இருக்கும் மக்கள், ஓரிடத்திலும் அதன் கேட்போராக இல்லை.

டெம்பல்ஸைத் தொடர்ந்து ஆப்பிரிக்கர் பலர் இத்துறையில் எழுதினர். அவர்களுள் தலைசிறந்தவர் ருவாண்டாவின் அலெக்சிஸ் ககாமே. கத்தோலிக்கக் குருவான இவர், தம் தாய்மொழியாகிய கின்யர்வாண்டாவின் இலக்கணத்திலிருந்தே மெய்யியலைத் தேடினார். தமிழ் இலக்கணம் பெயர்களை உயர்திணை, அஃறிணை எனப் பகுப்பதுபோல அம்மொழியும் பெயர்களைப் பல வகுப்புகளாகப் பகுக்கிறது. அவ்வகுப்புகளை ஆராய்ந்த ககாமே, உள்பொருள் அனைத்தும் நான்கு வகையுள் அடங்கும் என்றார். அறிவுடைய பொருள் 'உமுண்டு'. அறிவில்லாப் பொருள் 'இகிண்டு'. இடமும் காலமும் 'அஹண்டு'. தன்மையும் முறையும் 'உகுண்டு'. நான்கிற்கும் அடியாக நிற்பது 'ண்டு' என்னும் ஒரே வேர். நுட்பமும் உழைப்பும் நிறைந்த இவ்வாய்வு 1956இல் அச்சேறியது. அதனை வெளியிட்டது பிரசெல்சில் இருந்த குடியேற்ற அறிவியல்களுக்கான அரசு அவை. ருவாண்டாவின் மொழியில் பிறந்த மெய்யியல், ருவாண்டாவை ஆண்ட நாட்டின் தலைநகரில் பிரெஞ்சு நூலாயிற்று!

ஹூன்டோன்ஜியின் வினா

போலன் ஹூன்டோன்ஜி 1942இல் அபிஜானில் பிறந்தவர். பாரிசில் மெய்யியல் பயின்று, ஹுசெர்ல் என்னும் ஜெர்மானிய மெய்யியலறிஞரைப் பற்றி ஆய்வேடு எழுதி முனைவரானார். பின்னர் ஈராண்டுகள் காங்கோவில் ஆசிரியப்பணி புரிந்தார். டெம்பல்ஸின் நூல் முதன்முதலில் அச்சான லுபும்பாஷியிலும் அவர் கற்பித்தார் என்பது குறிக்கத்தக்கது. 1972 முதல் தம் நாட்டின் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அப்போது அந்நாட்டின் பெயர் டஹோமி; 1975இல் அது பெனின் ஆயிற்று.

டெம்பல்ஸ் முதல் ககாமே வரை எழுதப்பட்டவற்றை ஹூன்டோன்ஜி 'இனக்குழு மெய்யியல்' என்று பெயரிட்டுத் திறனாய்வு செய்தார். ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் ஒரே கருத்தை, எவரும் மறுக்காமல், தலைமுறை தலைமுறையாக நம்பிவருகிறது என்று கூறுவது உண்மையாகுமா? எந்த ஊரிலும் நான்கு பேர் கூடினால் கருத்து வேறுபடுகிறது. ஆப்பிரிக்கருக்கு மட்டும் எப்படி ஒரே கருத்து இருக்கும்? ஐரோப்பாவில் மெய்யியல் என்றால் தனி மனிதர்களின் வாதமும் எதிர்வாதமும். ஆப்பிரிக்காவில் மெய்யியல் என்றால் ஊர் முழுவதற்கும் பொதுவான நம்பிக்கை. இந்த வேறுபாட்டைப் பாராட்டு என்று கொள்ள ஹூன்டோன்ஜி மறுத்தார்.

அவர் அத்துடன் நின்றிருந்தால் அது அறிஞர்களுக்கு இடையிலான ஒரு பூசலாகவே முடிந்திருக்கும். இத்தகைய நூல்கள் ஏன் தோன்றின என்றும் அவர் கேட்டார். அவற்றை எழுதிய ஆப்பிரிக்கர், தம் மக்களுக்கும் மெய்யியல் உண்டு என்று ஐரோப்பிய வாசகரிடம் மெய்ப்பிக்க முயன்றனர். வேற்றாரின் மன்றத்தில் சான்று கூறுபவர், தம் வீட்டில் நிகழும் வழக்குகளை அங்கே வெளிக்காட்டமாட்டார். எல்லாரும் ஒருமனத்தினர் என்றே உரைப்பார். ஒருமனம் என்னும் அந்தக் கற்பனை, வாசகர் வெளியே இருந்ததன் விளைவு. ஆப்பிரிக்க மெய்யியல் என்பது ஆப்பிரிக்கர் எழுதிய, மெய்யியல் என்று அவர்களே முன்வைக்கும் நூல்களின் தொகுதி என்று அவர் வரையறுத்தார். அந்நூல்கள் ஒன்றோடொன்று வாதிட வேண்டும். அதற்கு அவற்றை ஆப்பிரிக்கர் படிக்க வேண்டும். இக்கருத்துகள் அடங்கிய அவருடைய கட்டுரைத் தொகுதி 1976இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. அச்சான ஊர் பாரிஸ். தாம் சுட்டிய குறையிலிருந்து அவராலேயே அப்போது தப்ப இயலவில்லை.

பிற்காலத்தில் இவ்வாய்வை அவர் எல்லா அறிவுத்துறைகளுக்கும் விரித்தார். டஹோமியிலிருந்து பனையெண்ணெய் கப்பலேறி மார்செய் நகரின் சவர்க்கார ஆலைகளுக்குச் சென்றது. மூலப்பொருள் இங்கே; ஆலை அங்கே; முடிந்த பண்டம் விலைக்கு மீண்டும் இங்கே. அறிவும் அப்படியே நடத்தப்படுகிறது என்றார் ஹூன்டோன்ஜி. செய்திகளும் மாதிரிகளும் ஆப்பிரிக்காவில் திரட்டப்படுகின்றன. அவற்றிலிருந்து கோட்பாடு உருவாவது ஐரோப்பாவில். ஆய்வுக்கருவிகளும் ஆவணக் காப்பகங்களும் பெருநூலகங்களும் அங்கே இருப்பதால், தம் நாட்டைப் பற்றி அறியவே ஆப்பிரிக்க ஆய்வாளர் கடல் கடக்க வேண்டியுள்ளது. அவருடைய கட்டுரை அங்குள்ள ஆய்விதழில் வந்தால்தான் மதிப்பு. எனவே அங்குள்ளோர் விரும்பும் பொருளையே அவர் தேர்கிறார். இந்நிலையை ஹூன்டோன்ஜி 'புறநோக்கு' என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார்.

இதழ்களின் காலம்

1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்க மண்ணிலேயே மெய்யியல் இதழ்கள் முளைத்தன. 1972இல் லுபும்பாஷியில் ஒன்றும், நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகத்தில் 'செகண்ட் ஆர்டர்' என்பதும் தோன்றின. 1974இல் கென்யாவின் மெய்யியல் கழகம் நைரோபியில் 'தாட் அண்ட் பிராக்டிஸ்' என்னும் இதழைத் தொடங்கியது. 1973இல் சமூக அறிவியல் ஆய்வுக்கான கோடெஸ்ரியா என்னும் அமைப்பு டாக்காரில் நிறுவப்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்து ஆசிரியர் எழுதியதை மற்றொரு பல்கலைக்கழகத்து ஆசிரியர் மறுக்கவும், மறுப்புக்கு மறுப்பு அடுத்த இதழில் வரவும் வழி பிறந்தது.

ஹூன்டோன்ஜிக்கும் மறுப்புகள் எழுந்தன. எழுத்தில் உள்ளதே மெய்யியல் என்றால், எழுதாமலே சிந்தித்த முன்னோர் என்ன ஆவர்? இவ்வினாவிற்கு விடை தேடியவருள் ஒருவர் கென்யாவின் ஒடேரா ஒருகா. நைரோபிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், சிற்றூர்களுக்குச் சென்று எழுத்தறிவு இல்லாத முதியோருடன் உரையாடினார். கடவுள், சாவு, சமத்துவம் ஆகியவற்றைப் பற்றி வினவினார். ஊரார் நம்புவதை அழகாக எடுத்துரைப்போர் ஒருவகை. அந்நம்பிக்கையையே நிறுத்து எடைபோட்டு உடன்படவோ மறுக்கவோ செய்வோர் மற்றொரு வகை. பின்னவரே மெய்யியலறிஞர் என்றார் ஒருகா. அவர் பேட்டி கண்டவருள் அவருடைய தந்தையும் ஒருவர். ஒவ்வொருவருடைய கருத்தும் அவரவர் பெயராலேயே பதிவு செய்யப்பட்டது. எழுதாதவரும் தனித்துச் சிந்திப்பர் என்று அவர் காட்டியது ஹூன்டோன்ஜிக்கு மறுப்பு. ஊர் முழுவதற்கும் ஒரே மெய்யியல் என்பதை ஏற்காதது அவருக்குத் துணை.

கானா நாட்டின் குவாசி விரெடு மொழியின் வழியே வேறொரு சோதனையை முன்வைத்தார். மேலை மெய்யியலின் கேள்விகளை ஆப்பிரிக்கர் தம் தாய்மொழியில் சிந்தித்துப் பார்க்க வேண்டும் என்றார் அவர். தாம் சிந்திப்பதிலிருந்தே தம் இருப்பை நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட். இடமும் உடலும் இல்லாமலேயே உள்ளம் இருக்கக்கூடும் என்பது அவர் துணிபு. விரெடுவின் தாய்மொழியாகிய அக்கானில் 'இருத்தல்' என்பதைக் குறிக்கும் தொடர், 'ஓரிடத்தில் இருத்தல்' என்றே பொருள்படும். இடமின்றி இருக்கும் உள்ளம் என்று அம்மொழியில் சொல்ல முயன்றால், சொல்லே முரண்படுகிறது. இதனால் மட்டும் டெக்கார்ட் தவறு என்று ஆகிவிடாது என்பதையும் விரெடு மறக்கவில்லை. ஒரு மொழியில் தானே விளங்குவதாகத் தோன்றும் உண்மை, மற்றொரு மொழியில் சான்று கேட்கிறது என்பதே அவர் கண்டது.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானியப் பதிப்பாளர் ஷோயிச்சி நோமா 1979இல் ஆப்பிரிக்கப் பதிப்பிற்கென ஒரு விருதை நிறுவினார். எழுதியவர் ஆப்பிரிக்கராக இருந்தால் மட்டும் போதாது. நூல் ஆப்பிரிக்காவிலேயே வெளியாகியிருக்க வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. 1980இல் முதல் விருதைப் பெற்ற செனகல் எழுத்தாளர் மரியாமா பாவின் புதினம், டாக்காரில் வெளியானது.

இறையியலின் வழி

இறையியலிலும் இதே சிக்கல் இருந்தது. 1956இல் ஆப்பிரிக்க, ஹெய்ட்டி நாட்டுக் குருமார் சிலர் சேர்ந்து எழுதிய 'கறுப்பினக் குருமார் வினவுகின்றனர்' என்னும் பொருள்படும் தலைப்புடைய தொகுதி பாரிசில்தான் வெளிவந்தது. கென்யாவின் ஜான் எம்பிட்டி உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில் எழுதிய 'ஆப்பிரிக்கச் சமயங்களும் மெய்யியலும்' 1969இல் வெளியாகி, உலகெங்கும் பாடநூலாயிற்று. ஆனால் அவருடைய சொந்த ஊரில் கிகாம்பா மொழி மட்டும் அறிந்த ஒருவரால் அதனைப் படிக்க இயலாது. எம்பிட்டி தம் முதுமையில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து நேரடியாகக் கிகாம்பாவில் பெயர்த்தார். அது 2014இல் வெளிவந்தபோது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது.

நூல் நடந்த தொலைவு

எழுதுவதும் அச்சிடுவதும் பாதி வேலை. 1980களில் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் பொருளாதாரம் சரிந்தது. அயல்நாட்டுச் செலாவணி அரிதாயிற்று. பல்கலைக்கழக நூலகங்கள் இதழ்களுக்குச் சந்தா கட்ட இயலாமல் தவித்தன. அச்சுத்தாள் வாங்கப் பதிப்பாளரிடம் பணமில்லை. அப்போதைய நிலையை 'நூற்பஞ்சம்' என்றே அழைத்தனர். நைஜீரியாவில் அச்சான நூலைக் கென்யாவில் வாங்குவது, இலண்டனில் அச்சான நூலை வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது. நாணயம் வேறு, சுங்கம் வேறு, அஞ்சல் வழி நெடிது. நைரோபியின் 'தாட் அண்ட் பிராக்டிஸ்' இதழும் அப்பத்தாண்டின் இறுதியில் நின்றுபோயிற்று.

இதற்கு மாற்றாக ஆப்பிரிக்கப் பதிப்பாளர்கள் கூடி, 'ஆப்பிரிக்கன் புக்ஸ் கலெக்டிவ்' என்னும் கூட்டு விற்பனை அமைப்பை 1985இல் உருவாக்கினர். 1990இல் அது விற்பனையைத் தொடங்கியது. ஆப்பிரிக்கப் பதிப்பாளர்க்கே உரிமையான அவ்வமைப்பின் அலுவலகம் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் அமைந்தது. நூல் வாங்கும் வசதியுள்ள நூலகங்கள் அப்பக்கமே இருந்தன. 1998இல் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன்' என்னும் இணையத்தளம் ஆப்பிரிக்க ஆய்விதழ்களை ஓரிடத்தில் திரட்டியது. இப்போது தென்னாப்பிரிக்காவிலிருந்து இயங்குகிறது. நைரோபி இதழும் 2009இல் புதிய வரிசையாக மீண்டும் வெளிவரத் தொடங்கியது.

ஹூன்டோன்ஜி 1990களின் முற்பகுதியில் பெனினில் கல்வி, பண்பாடு ஆகிய துறைகளின் அமைச்சராக இருந்து, பின்னர் வகுப்பறைக்கே திரும்பினார். அமைச்சராவதற்கு முன் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய கருத்தரங்கில், மரபான எண்முறை, இரும்புத்தொழில், குறிபார்க்கும் கணக்கு முதலியவை ஆராயப்பட்டன. உள்ளூர் அறிவைப் போற்றிப் பெட்டகத்தில் வைப்பதற்காக அவர் அதனை நடத்தவில்லை. எது சரி, எது பிழை என்று ஆய்ந்து, பயன்படுவதை இன்றைய அறிவியலோடு இணைப்பதே நோக்கம். அக்கட்டுரைகளை 1994இல் டாக்காரிலிருந்து கோடெஸ்ரியா வெளியிட்டது. தம் சிந்தனை வாழ்வின் வரலாற்றை 1997இல் அவர் எழுதியபோது, அந்நூலைப் பெனினின் கோட்டோனூ நகரத்துப் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. ஐந்தாண்டுகள் கழித்து அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் வந்தது.