மதுரை டு குமரி: சைக்கிள் மிதிக்கு முன் ஒரு மாத வேலை

லீவு வந்தால் கூட்டமாகச் சைக்கிளில் எங்கேயாவது நெடுந்தூரம் போய்வரலாம் என்று பேச்சு எழாத ஹாஸ்டல் உண்டா? பேச்சோடு நின்றுவிடும், இல்லாவிட்டால் பாதி வழியில் சைக்கிளை லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். கால் பலம் போதாமல் இப்படி ஆவது அபூர்வம். கிளம்புமுன் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டதால்தான் பெரும்பாலும் ஆகிறது. மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு 12 பேர், 3 நாள் என்று ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம்.

தூரம் சுமார் 240 கி.மீ. பழைய ஏழாம் நம்பர் நெடுஞ்சாலைதான். 2010-இல் எண்களை மாற்றியதிலிருந்து 44. விருதுநகர், சாத்தூர் தாண்டிக் கோவில்பட்டி வரை ஏறத்தாழ 100. அங்கிருந்து திருநெல்வேலிக்கு 60-க்குள். மீதி 85, நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வழியாக. மூன்று நாளுக்கும் எண்பது எண்பது என்று பங்கு போடத் தோன்றும். வேண்டாம். முதல் நாள் உற்சாகத்தில் 100 போய்விடலாம். இரண்டாம் நாள் காலை சீட்டில் உட்காரும்போதுதான் சங்கதி தெரியும்! அன்றைக்குத் திருநெல்வேலியோடு நிறுத்துவது நல்லது.

அடுத்து வேகம். ஸ்பீடாமீட்டர் தேவையில்லை, பல்லை எண்ணினால் போதும். சாதாரணப் பெரிய சைக்கிளில் முன் சக்கரப் பல் 48, ஃப்ரீவீலில் 18 என்று வைத்துக்கொண்டால், ஒரு மிதிக்குப் பின் சக்கரம் 2.67 சுற்று சுற்றும். 28 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆக ஒரு முழு மிதிக்கு 5.9 மீட்டர். நிமிஷத்துக்கு 45 மிதி என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 16 கி.மீ. முன்னால் போகிறவர் வாட்சைப் பார்த்து இந்த 45-ஐப் பிடித்துக்கொண்டால் போதும். கியர் சைக்கிள் வைத்திருப்பவர் அடக்கி ஓட்டத்தான் வேண்டும். அவருடைய வேகம் இங்கே கணக்கில் வராது.

யாருடைய வேகம் கணக்கு? கடைசி ஆளுடையது. அது யார் என்று தெரிந்துகொள்ளத்தான் வெள்ளோட்டம். புறப்படுவதற்கு இரண்டு ஞாயிறு முன்பு, கேரியரில் முழு மூட்டையோடு, எடுத்துப்போகப் போகிற அதே சைக்கிளில் 40 கி.மீ. போய்வர வேண்டும். பின்தங்குகிறவரைக் கேலி செய்தால் அவர் முட்டி வலியை மறைப்பார். சாத்தூர் தாண்டி வெயிலில் சுருண்டு உட்காருவார். அவரை இரண்டாவது இடத்தில் விடுங்கள். முன்னால் போகிறவர் காற்றை உடைத்துக் கொடுப்பதால் மிதி லேசாகும், கண் எதிரே ஆளும் இருக்கும். வரிசையின் வாலில் நல்ல பலசாலி ஒருவர், ஸ்பேனர், பம்பு, பஞ்சர் சாமான்களோடு. அவரை யாரும் பின்னால் விடக் கூடாது.

நிற்பதிலும் கணக்கு உண்டு. 12 பேரும் தனித்தனியே தாகம், செயின், செருப்பு என்று பத்துப் பத்து நிமிஷம் நின்றால் போச்சு, 2 மணி நேரம்! மணிக்கு ஒரு தரம் எல்லோரும் சேர்ந்து நிற்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சைக்கிளுக்கு வருவோம். இதில் நம் மாதிரி பாலிடெக்னிக் பசங்களுக்கு வெளி ஆள் எதற்கு? ஹப்பைப் பிரித்து, பால்ரஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து, கோனைச் சரிபண்ண ஒரு சாயங்காலம் போதும். கோன் ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. காட்டர் பின் தேய்ந்திருந்தால் பெடலில் டொக் டொக் என்று சத்தம் வரும், மாற்றிவிடுங்கள். தளர்ந்த போக்ஸ் கம்பியை முறுக்கி வீலில் பெண்டு எடுக்க வேண்டும். மழை நனைத்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது என்பதையும் மறக்க வேண்டாம். இதெல்லாம் புறப்படுவதற்கு முந்தின நாள் செய்கிற வேலை இல்லை. வெள்ளோட்டத்துக்கு முன்பே முடித்தால்தான் எது மறுபடி தளர்கிறது என்று பார்க்க முடியும்.

நாலுவழிச் சாலை ஊர்களைச் சுற்றிக்கொண்டு போவதால், பஞ்சர் கடை ரோட்டோரத்திலேயே இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அதற்காக ஆளுக்கொரு கடையைச் சுமக்கவும் வேண்டாம். பொதுவில் நாலு ட்யூப், ஒரு மடித்த டயர், வால்ட்யூப் கொஞ்சம், சொல்யூஷன், செயின் லிங்க் போதும். வசூலாகும் பொதுப் பணத்தில் முதல் செலவு என்ன என்று கேட்டால், டீ சர்ட் என்பார்கள். நான் சொல்வது, 12 சைக்கிளில் எது மோசமோ அதற்கு டயர். வீட்டில் காசு கேட்க முடியாமல் தேய்ந்த டயரோடு வருகிற ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், வாய் திறக்கவும் மாட்டார்.

காலம்? பொங்கல் லீவு தோது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மாவா! தெற்கே போகும் நமக்கு அது வலப்பக்கக் காற்று. அதற்கு ஈடாக வலது பக்கம் சாய்ந்தே ஓட்டுவோம். அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்தால் காற்று சட்டென்று மறைபட்டு, சைக்கிள் லாரியை நோக்கி இழுக்கும்; லாரி போனதும் பழையபடி இடப்பக்கம் தள்ளும். அந்த இடத்தில் ஜோடி போட்டு ஓட்டவே கூடாது. ஒற்றை வரிசை, நடுவில் நல்ல இடைவெளி.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டராவது. ஒருவர் துவண்டால், 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி, கலந்து கொடுக்கலாம்.

நாலு மணிக்கே கிளம்பணும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். லாரி டிரைவர்களுக்குக் கண் சொக்குகிற நேரம் அது. டைனமோ லைட்டோ நின்றால் அணைந்துவிடும். ஆள் முகம் தெரிகிற வெளிச்சம் வந்து புறப்பட்டால் போதும். ஆனால் விழா, மாலை, கொடியசைப்பு, போட்டோ என்று ஒன்பது மணியாக்கிவிடாதீர்கள். அதையெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே வைத்துக்கொண்டு, காலையில் டயரை அமுக்கிப் பார்த்து, தலையை எண்ணிவிட்டு, கிளம்ப வேண்டியதுதான்.